துருத்தி மேல ரெண்டு கல்லு குறைஞ்சிருந்த கேஸ்

முதல்லயே சொல்லிடறேன், இந்தக் கேஸ்ல தப்பு பண்ண ஆளு நான்தான். அதனாலதான் எழுதவே உட்கார்ந்தேன். பைப் ஆர்கன் ரெஸ்டோரேஷன் பத்தி எழுதறவங்க முடிஞ்ச வேலையோட பளபள போட்டோவைப் போட்டுட்டுப் போயிடுவாங்க, நடுவுல எந்தப் பைப்பை யாரு கெடுத்தாங்கன்னு வாயே திறக்க மாட்டாங்க. நான் கெடுத்தது அஞ்சு பைப்.

நான் பத்து வருஷத்துக்கு மேல ஆர்கன் வாசிச்ச ஆளு. ஆர்கன்னா பிளக்கைச் சொருகினா நூறு சத்தம் வர்ற பொட்டி இல்ல, நிஜக் குழல்ல நிஜக் காத்து போய்ப் பேசற வாத்தியம். ஒரே மாதிரிக் குரல்ல பேசற பைப் வரிசைக்கு ஸ்டாப்னு பேரு, வேணும்போது அதோட குமிழை இழுத்து விடணும். ஒவ்வொரு கீக்கும் ஒவ்வொரு ஸ்டாப்லயும் ஒரு தனிப் பைப், அதனால சின்ன வாத்தியத்துலயே எண்ணிக்கை நூத்துக்கணக்குல போயிடும். இவ்ளோ வருஷம் வாசிச்சும் அந்த மரக்கூட்டுக்கு உள்ள என்ன இருக்குன்னு நான் எட்டிப் பாத்ததே இல்ல. வாசிக்கிறவங்க பாதிப் பேருக்கு இதே கதிதான், வருஷக்கணக்கா கார் ஓட்டுவோம் ஆனா பானெட்டைத் திறந்திருக்க மாட்டோம்ல, அந்த மாதிரி.

உள்ள இழுத்து விட்டது டியூனிங். ஆர்கன் டியூன் பண்ண ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் உள்ள ஏணி மேலயோ பலகை மேலயோ ஒட்டிக்கிட்டு நிப்பார், இன்னொருத்தர் வெளிய உட்கார்ந்து கீயை ஒண்ணொண்ணா அழுத்திக்கிட்டே இருக்கணும். உள்ளேருந்து "ம்"னு ஒரு சத்தம் வரும், அடுத்த கீ. அவ்ளோதான் வேலை, ரெண்டு நாள் முழுக்க. போரடிச்சே செத்துடுவோம்னு நெனச்சுதான் உட்கார்ந்தேன். ஆனா ரெண்டு பைப் ஒண்ணா பேசும்போது ஒண்ணு 440, இன்னொண்ணு 442ல இருந்தா செகண்டுக்கு ரெண்டு தடவை ஒரு அலை அடிக்கும், உள்ள இருக்கறவர் கை பட்டதும் அந்த அலை மெதுவாகி மெதுவாகி ஒரு இடத்துல அப்படியே நின்னு போகும் பாருங்க, அந்த இடத்துல எனக்குள்ள என்னமோ ஆயிடுச்சு. மதியம் சாப்பாட்டு நேரத்துல "மாஸ்டர், நானும் உள்ள வரட்டுமா"ன்னு கேட்டேன். அவர் என் சட்டையைப் பாத்துட்டு, "வேற சட்டை இருக்கா"ன்னு மட்டும் கேட்டார். நூறு வருஷத்துத் தூசி உள்ள இருக்குன்னு அப்ப எனக்குத் தெரியாது.

அதுக்கப்புறம் ஒரு வருஷத்துல அவரோட பட்டறையிலயே சேந்துட்டேன். இந்தத் தொழிலுக்கு முறையான படிப்பு இல்லாம இல்ல. ஜெர்மனியில மூணரை வருஷ அப்ரெண்டிஸ்ஷிப், பட்டறையில வேலையும் லுட்விக்ஸ்பர்க்ல இருக்கற ஆஸ்கர் வால்க்கர் ஸ்கூல்ல பாடமும் மாத்தி மாத்தி நடக்கும், அதுலயும் முழு ஆர்கன் கட்டறதுக்கு ஒரு பிரிவு, பைப் மட்டும் செய்யறதுக்கு இன்னொரு பிரிவுன்னு பிரிச்சு வச்சிருக்காங்க. 2017ல யுனெஸ்கோவே ஜெர்மன் ஆர்கன் கட்டுமானத்தையும் இசையையும் மரபுப் பட்டியல்ல சேத்துச்சு. இன்னொரு பக்கம் சார்ல்ஸ் ஃபிஸ்க் மாதிரி ஆளும் இருந்தாரு, இள வயசுல லாஸ் அலமோஸ்ல அணுகுண்டுத் திட்டத்துல வேலை பாத்துட்டு, ஹார்வர்ட்ல பிசிக்ஸ் படிச்சுட்டு, எல்லாத்தையும் விட்டுட்டு ஆர்கன் பக்கம் வந்து 1961ல மாசசூசெட்ஸ் கிளாஸ்டர்ல சொந்தப் பட்டறை போட்டவர். தச்சு வேலையிலேருந்து வர்றவங்க உண்டு, பிசிக்ஸ்லேருந்து வர்றவங்க உண்டு, என்னை மாதிரி வாசிப்புலேருந்து வர்றவங்களும் உண்டு. வாசிப்புலேருந்து வர்றவங்ககிட்ட ஒரு வியாதி இருக்கும், "நமக்குக் காது இருக்கு"ங்கற திமிர். எனக்கும் இருந்துச்சு. முதல் ஆறு மாசம் மாஸ்டர் என்னைப் பைப் பக்கமே விடல. ஆட்டுத்தோலோட ஓரத்தைக் கத்தியால சீவிச் சீவி காகிதம் மாதிரி மெலிசாக்கறது, ஒட்டறதுக்கான வஜ்ஜிரப் பசையைச் சூடா வச்சிருக்கறது, கீயிலேருந்து வால்வு வரைக்கும் இழுக்கற மரக்குச்சிகளுக்கு நம்பர் போட்டு அடுக்கறது, இவ்ளோதான். நான் யோஹான் செபாஸ்டியன் பாக்கோட ஃப்யூக் மாதிரிச் சிக்கலான இசையையே வாசிக்கிற ஆளு, எனக்குத் தோல் சீவற வேலையான்னு உள்ளுக்குள்ள ஒரே புகைச்சல்.

சரி, கேஸுக்கு வர்றேன்.

ஒரு சர்ச் ஆர்கன், நூத்தம்பது வருஷத்துக்குக் கிட்ட வயசு. ரெண்டு கீபோர்டு, ஒரு பெடல், 14 ஸ்டாப், 780 சொச்சம் பைப். முழுக்க மெக்கானிக்கல், கீயை அழுத்தினா மரக்குச்சி இழுத்து காத்துப்பெட்டிக்குள்ள இருக்கற வால்வு திறக்கும், நடுவுல கரன்ட் எதுவும் கிடையாது. கரன்ட் இருக்கறது ஒரே இடத்துலதான், பின்னாடி காலத்துல வச்ச ஊதுற மோட்டார். அதுலேருந்து காத்து பெரிய துருத்திக்குப் போகும், துருத்தி மேல வச்சிருக்கற கல்லுங்க அமுக்கற எடைதான் காத்தோட அழுத்தத்தை முடிவு பண்ணும்.

அங்க வாசிக்கிறவங்க சொன்ன கம்ப்ளெய்ன்ட் மூணு. மெயின் ஸ்டாப்பான பிரின்சிபல் மந்தமா இருக்கு, கீயை அழுத்தி ஒரு மூச்சு விட்டப்புறம்தான் பேசுது. எல்லா ஸ்டாப்பையும் இழுத்து வச்சு பெரிய கார்டு, அதாவது பல கீயை ஒண்ணா அழுத்தி வாசிச்சா சுருதி அப்படியே சரியுது. அப்புறம் மொத்த வாத்தியமும் கொஞ்சம் இறங்கியே நிக்குது. மாஸ்டர் என்னை முன்னாடியே அனுப்பினார், "சுத்தம் பண்ணு, என்னென்ன இருக்குன்னு எழுதி வை, நான் வியாழக்கிழமை வர்றேன்"னு. எதையும் தொடுன்னு சொல்லல. தொடாதேன்னும் சொல்லல, அதுதான் என் வக்கீல் பாயிண்ட், இன்னைக்கு வரைக்கும்.

நான் காத்தை அளக்காம இல்ல. ஒரு பைப்பை எடுத்துட்டு அந்த ஓட்டையில ட்யூபைச் சொருகி, யூ வடிவக் கண்ணாடிக்குழாயில தண்ணி எவ்ளோ ஏறுதுன்னு பாத்தேன். 58 மி.மீ. நோட்ல எழுதினேன். 58ங்கறது தப்பான நம்பர் இல்ல, அதைச் சுத்தி ஓடற பழைய ஆர்கன் எத்தனையோ இருக்கு, அங்கதான் மாட்டிக்கிட்டேன். ஹாலோட சூட்டையும் பாத்தேன், ஏன்னா ஒரு டிகிரி குளிர்ந்தா இந்த மாதிரிக் குழலுங்க அரை சுரத்துல நூத்துல மூணு பங்கு இறங்கிடும், ஆனா அன்னைக்கு ஹால் சாதாரண சூட்டுலதான் இருந்துச்சு. பைப் காலடியில வெள்ளைப் பொடி பூத்திருக்கான்னு கூடப் பாத்தேன், ஓக் மரத்துலேருந்து வர்ற அமில ஆவி காரீயத்தை அரிச்சா அப்படிப் பூக்கும், லூபெக் யாகோபி சர்ச்சோட பழைய ஸ்டெல்வாகன் ஆர்கன்ல இதை ஆராயறதுக்குன்னே ஐரோப்பிய அளவுல ஒரு பிராஜெக்ட் நடந்துச்சு. இங்க அதுவும் இல்ல. ஆக வெதர் சரி, மெட்டல் சரி, காத்து 58 சரி, அப்ப தப்பு பைப்போட வாய்லதான், அதாவது காத்து உதட்டுல மோதிச் சத்தமாகற அந்தத் திறப்புலதான்னு என் காது தீர்ப்பு எழுதிடுச்சு.

பிரின்சிபல்ல நடு ஏரியா பைப்புங்க, ஒரு அடி நீளத்துக்கு முன்ன பின்ன. பைப்போட காலடியில காத்து நுழையற ஓட்டை இருக்கும், அதைக் கூர்மையான கருவியால கொஞ்சம் அகலப்படுத்தினா காத்து அதிகமா ஏறும், சத்தம் கூடும். பண்ணேன். உடனே பைப் தெளிவா பேசுச்சு. எனக்கு ஒரே குஷி. சுருதியும் கொஞ்சம் ஏறுச்சு, ஆனா போதல. இந்த மாதிரிப் பழைய பைப்ல டியூன் பண்றது பித்தளைக் கூம்பு வச்சு. மேல் விளிம்பை விரிச்சா சுருதி ஏறும், உள்பக்கமா சுருக்கினா இறங்கும். ஆனா கூம்பால மேலேருந்து தட்டும்போது அந்த அடி நேரா கீழ வாய்க்குத்தான் இறங்கும், மெல்லிய பைப்னா உதடு நசுங்கிடும். எனக்கு அந்தப் பயம். அதனால "பாதுகாப்பா" இருக்கட்டும்னு மேல் விளிம்பைக் கத்தியால மெலிசா சீவினேன், ஒவ்வொண்ணுலயும் 1 மி.மீ. சுமார். ஒரு அடி பைப்ல 1 மி.மீ.ங்கறது அரை சுரத்துல நூத்துல ஆறு பங்கு, நல்லாவே கேக்கும். அஞ்சு பைப் முடிச்சேன். பியானோ மாதிரி பளிச்சுன்னு நின்னுச்சு அஞ்சும். ஆறாவதைக் கையில எடுக்கும்போது கதவு திறந்து மாஸ்டர் வந்தார். புதன்கிழமையே வந்துட்டார் மனுஷன்.

கத்தல. அதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. சீவி விழுந்திருந்த அந்த வெள்ளிச் சுருளை விரல்ல எடுத்துப் பாத்துட்டு, "காத்தைப் பாத்தியா"ன்னார்.

"பாத்தேன் மாஸ்டர், 58."

"58 இருக்குன்னு பாத்த. 58தான் இருக்கணுமான்னு பாத்தியா?"

பதில் இல்ல என்கிட்ட. போய் கீபோர்டுல உட்கார்ந்தார், 14 ஸ்டாப்பையும் இழுத்து விட்டார், ரெண்டு கையும் ரெண்டு காலும் சேத்து ஒரு கார்டு. விடாம பிடிச்சுக்கிட்டே வலது கை சுண்டு விரலால மேல ஒரு சுரத்தைத் தட்டித் தட்டி எடுத்தார். ஒவ்வொரு தட்டுக்கும் மொத்தக் கார்டும் மூச்சு வாங்கற மாதிரி நெளிஞ்சது. யோஹான் செபாஸ்டியன் பாக் புது ஆர்கனைச் சோதிக்கப் போனா முதல் வேலையா எல்லா ஸ்டாப்பையும் இழுத்துட்டு முழுசா வாசிப்பாராம், இதுக்கு நுரையீரல் நல்லா இருக்கான்னு மொதல்ல தெரியணும்னு கிண்டலா சொல்வாராம். இந்தக் கதையை நான் எத்தனை கச்சேரி மேடையில சொல்லிக் கைத்தட்டு வாங்கியிருக்கேன் தெரியுமா. சொல்லத்தான் தெரிஞ்சிருக்கு.

டார்ச் எடுத்துக்கிட்டு துருத்திக்கு மேல தவழ்ந்து போனோம். இதை மட்டும் கொஞ்சம் நின்னு சொல்றேன், ஏன்னா மொத்தக் கேஸும் அந்தப் பலகை மேலதான் எழுதியிருந்துச்சு. துருத்தியோட மேல் பலகை 2 மீட்டருக்கு 1.2 மீட்டர். கம்பளி மாதிரித் தூசி. அது மேல நாலு கல்லு, ஒவ்வொண்ணும் 30க்கு 20 சென்டிமீட்டர், செங்கல்லை விடப் பெருசு, ஓரம் செதுக்கின கல்லு. மாஸ்டர் பிரஷ்ஷால தூசியை மெதுவா தள்ளத் தள்ள, மரம் கருத்துப் போயிருந்த பழுப்பு நிறத்துல வெளுப்பா ஒரு செவ்வகம் தெரிஞ்சது. கொஞ்சம் தள்ளி இன்னொண்ணு. அதே 30க்கு 20. ரொம்ப வருஷமா கல்லு மூடியிருந்த இடம், வெளிச்சமும் புகையும் படாம வெளுப்பாவே இருந்திருக்கு. வரிசைக்கு மூணா ரெண்டு வரிசை, ஆறு இடம், நாலு கல்லு.

கணக்கு ரொம்ப ஈஸி, துருத்தியில 1 சதுர மீட்டருக்கு 1 கிலோ எடை வச்சா 1 மி.மீ. தண்ணி அழுத்தம். இங்க பரப்பு 2.4 சதுர மீட்டர். கல்லு ஒண்ணை எடுத்துத் தராசுல வச்சோம், பதினாலரைக் கிலோ. ரெண்டு கல்லு 29, அதை 2.4ஆல வகுத்தா 12. 58ஓட 12 சேத்தா 70. நான் ரெண்டு நாளா காதால தேடிக்கிட்டிருந்ததை ஒரு வகுத்தல் சொல்லிடுச்சு.

மாஸ்டர் அதோட விடல, அந்த ரெண்டு கல்லும் பின்னாடி யாராவது சேத்ததா இருந்தாலும் இருக்கலாம், மொதல்லேருந்தே 58ஆ கூட இருந்திருக்கலாம்னார். நியாயம்தான். அதனால வேற சாட்சி தேடினோம். அடி வரிசையில மரத்துல செஞ்ச மூடின பைப்புங்க இருக்கும், அதுல மேல அடைப்புக் கட்டையை உள்ள தள்ளினா சுருதி ஏறும். எல்லாக் கட்டையிலயும் பழைய பென்சில் கோடு ஒண்ணு இருந்துச்சு, கட்டைங்க எல்லாமே அந்தக் கோட்டைத் தாண்டி உள்ள போயிருந்துச்சு. அதாவது ஏதோ ஒரு காலத்துல காத்து குறைஞ்சு சுருதி இறங்க, வந்த டியூனருங்க ஒவ்வொருத்தரா உள்ள தள்ளித் தள்ளி ஏத்தியிருக்காங்க. சின்ன மெட்டல் பைப்புங்களோட மேல் விளிம்பெல்லாம் வெளிப்பக்கமா பூ மாதிரி விரிஞ்சிருந்துச்சு, அதுவும் அதே கதைதான். கடைசியா கை எட்டாத மூலையில யாருமே தொடாத சில பைப்பைத் தேர்ந்தெடுத்து, துருத்தி மேல அஞ்சு நிமிஷம் மட்டும் வேற எடையை வச்சு 70க்கு ஏத்திக் கேட்டோம். அழுத்தின உடனே பேசுச்சு. மந்தம், தயக்கம் எதுவும் இல்ல. கட்டினவர் எந்தக் காத்துக்கு அந்த வாயை வெட்டினாரோ அந்தக் காத்து திரும்ப வந்திருக்கு, அவ்ளோதான்.

ஏன் கல்லை எடுத்தாங்கன்னும் புரிஞ்சது. துருத்தியோட மூலையில தோல் கிழிஞ்சு புஸ்ஸுன்னு சத்தம் வந்திருக்கும், மோட்டாரால நிரப்ப முடிஞ்சிருக்காது, அடுத்த வாரம் பிரேயர் நடக்கணும், ரெண்டு கல்லை இறக்கினா சத்தமும் குறையும் துருத்தியும் எழும்பும். யாரோ அன்னைக்கு ஆபத்துக்குப் பாவமில்லைன்னு பண்ணின வேலை. அதை யாரும் ஒரு துண்டுச் சீட்டுல கூட எழுதி வைக்கலங்கறதுதான் என் ஆத்திரம்.

கல்லைத் திரும்ப வைக்கிறதுக்கு முன்னாடி தோலை மாத்தணும், இல்லன்னா 70ல மிச்சத் தோலும் வெடிச்சிடும். புறங்கையை ஈரமாக்கி ஓரமா நகத்திக்கிட்டே போனா எங்க காத்து ஒழுகுதுன்னு ஜில்லுன்னு தெரியும், அப்படி ஒவ்வொரு இடமா சாக்பீஸால குறி போட்டோம். பழைய தோலை எடுக்க வெந்நீர்ல நனைச்ச துணியைப் போட்டு வச்சா போதும், வஜ்ஜிரம் இளகி அப்படியே உரிஞ்சு வந்துடும், மரத்துக்கு ஒரு கீறல் விழாது. நூத்தம்பது வருஷத்துக்கு அப்புறமும் அடுத்தவன் வந்து பிரிக்க வழி விட்டிருக்கற பசை அது. ஆனா ஒரு மூலையில யாரோ நம்ம காலத்து வெள்ளைப் பசையைப் போட்டு ஒட்டு வச்சிருந்தாங்க. அது வெந்நீருக்கும் அசையல, சூட்டுக்கும் அசையல, கடைசியில உரிக்கும்போது மரத்தோட நாரையும் சேத்துப் பிச்சுக்கிட்டு வந்துச்சு. அந்த ஒரு மூலைக்கு மட்டும் நாலு நாள். நான் வெறுத்த அந்தத் தோல் சீவற வேலை இங்கதான் கை கொடுத்துச்சு, ஓரம் தடியா இருந்தா மடியற இடத்துல வெடிக்கும், மெலிசா இருந்தா மரத்தோட மரமா படியும். மூணு வாரத்துல துருத்தி முடிஞ்சது. ஆறு கல்லும் ஏறுச்சு. கண்ணாடிக்குழாயில 70. மாஸ்டர் அதே கார்டைப் பிடிச்சு, அதே சுண்டு விரலால தட்டினார். மலை மாதிரி நின்னுச்சு.

என் அஞ்சு பைப் மட்டும் ஊரே திரும்பிப் பாக்கற மாதிரி கத்துச்சு. ஓட்டையை அகலப்படுத்தினதால காத்து ஓவரா ஏறி, கீயை அழுத்தினதும் ஒரு ஆக்டேவ் மேல எகிறிக் கீச்சுன்னு ஆரம்பிச்சு அப்புறம் கீழ இறங்குச்சு, நீளமும் குறைஞ்சதால சுருதி மேல வேற. ஓட்டையைச் சரி பண்றது சுலபம், குழிவான ஒரு கருவியைக் கால்ல வச்சுத் தட்டினா மெட்டல் உள்பக்கமா கூடி ஓட்டை சுருங்கிடும். நீளத்தைத் திருப்பித் தர முடியாது, ஒட்டுப் போட்டுத்தான் ஆகணும். அதே கலவையில, வெள்ளீயமும் காரீயமும், மெல்லிய பட்டை வெட்டி மேல் விளிம்புல வளையமா பத்த வைக்கணும். பத்த வைக்கிற ஈயமும் 185, 190 டிகிரி வாக்குல உருகும், பைப்போட மெட்டலும் அதுக்கு ரொம்ப மேல இல்ல, கை ஒரு நொடி தயங்கினா பைப்பே உருகிடும். அதனால சாக் பொடியும் வஜ்ஜிரமும் கலந்து பூசிக் காய வச்சு, ஜாயின்ட் வர்ற கோட்டை மட்டும் சுரண்டி எடுத்துட்டு அங்க ஈயத்தை ஓட விடணும். பழகறதுக்குக் கழிச்சுப்போட்ட பைப்ல பதினெட்டு தடவை ஓட்டை போட்டேன். காரீயம் கையில பட்டா நல்லாக் கழுவாம எதையும் வாயில வைக்கக் கூடாதுன்னு மாஸ்டர் அம்மா மாதிரி பின்னாடியே கத்திக்கிட்டிருப்பார். ஒரு வாரம் கழிச்சு அஞ்சும் வாத்தியத்துக்குள்ள போச்சு. நாலு சரியா வந்துச்சு. ஒண்ணு இன்னைக்கும் ஒரு மயிரிழை லேட்டாத்தான் பேசும். வாசிக்கிறவங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

இன்னொரு சண்டை நடந்துச்சு அந்த வேலையில, சுருக்கமா சொல்றேன். ரெண்டாவது கீபோர்டுல ஒரு கீச்சு ஸ்டாப், மொத்த வாத்தியத்துக்கும் ஒட்டாம இருக்கும். 1906ல ஆர்கன் வாசிப்பாளரான ஆல்பர்ட் ஷ்வைட்ஸர் ஃபேக்டரி ஆர்கனுங்களைத் திட்டி ஒரு சின்னப் புத்தகம் போட்டார், அதுக்கப்புறம் ஜெர்மனியில பழைய, பாக் காலத்து பரோக் சத்தத்துக்குத் திரும்பணும்னு ஒரு இயக்கமே கிளம்புச்சு, நல்ல விஷயம்தான், ஆனா அந்த வேகத்துல எத்தனையோ 19ஆம் நூற்றாண்டு ரொமான்டிக் காலத்து ஆர்கன்ல மெல்லிய ஸ்டாப்பைக் கழட்டி எறிஞ்சுட்டு இப்படிக் கூர்மையான ஸ்டாப்பை வச்சுட்டாங்க. இதுவும் அப்படி வந்ததுதான். தூக்கிடலாம்னேன் நான். மாஸ்டர் ஒத்துக்கல, பழசு எப்படி இருந்துச்சுன்னு ஒரு பைப் கூடக் கையில இல்லாதப்ப நீ வைக்கப் போறது பழசு இல்ல, உன் ஆசைன்னார். ஹாம்பர்க் யாகோபி சர்ச்சுல ஆர்ப் ஷ்னிட்கர் 1693ல முடிச்ச ஆர்கனோட கதை வேற, முகப்புப் பைப்புங்க முதல் உலகப்போர்ல வெள்ளீயத்துக்காகப் போயிடுச்சு, ஆனா ரெண்டாவது போர்ல உள்பக்கப் பைப்பையும் காத்துப்பெட்டியையும் கழட்டி பத்திரப்படுத்தினதால யூர்கன் ஆரெண்ட்ங்கற ஆர்கன் பில்டர் அதை வச்சு 1993ல பழையபடி கட்டி எழுப்பினார், அளவெடுக்க நிஜப் பைப்பே இருந்துச்சு. நம்மகிட்ட என்ன இருக்குன்னு கேட்டார். ஒண்ணும் இல்ல. கீச்சு ஸ்டாப் அப்படியே இருக்கு. எனக்கு இன்னும் பிடிக்கல.

வேலை முடியற அன்னைக்கு துருத்திச் சட்டத்தோட உள்பக்கம் பென்சில்ல எழுதினேன்: 70 மி.மீ., ஆறு கல்லு, தோல் மாத்தின தேதி, பிரின்சிபல்ல ஒட்டுப் போட்ட அஞ்சு பைப்போட பேர், பக்கத்துல வெட்டினதும் ஒட்டினதும் நானேன்னு கையெழுத்து.

காணாமப்போன அந்த ரெண்டு கல்லு எங்க இருந்துச்சுன்னு சொல்லலையே. ஒண்ணு மோட்டார் பெட்டிக்கு அடியில முட்டுக் கொடுத்திருந்துச்சு. இன்னொண்ணை சர்ச்சைப் பாத்துக்கற பெரியவர் எத்தனையோ வருஷமா சைடு கதவு காத்துல அடிக்காம இருக்க வச்சிருந்தாரு. நாங்க தூக்கிட்டுப் போகும்போது பின்னாடியே வந்து, "அப்ப தம்பி, கதவுக்கு என்ன வைக்கிறது"ன்னார். வெள்ளைப் பசையில பிஞ்சு வந்த அந்த மூலைக் கட்டையைக் கொடுத்துட்டு வந்தோம்.